பள்ளிக்கூடச் சாமானுக்கு ஓலைப் பெட்டி: ஒரு வருடம் புழங்கிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஆன்லைனில் அழகுக்காக விற்கிற, உள்ளே துணி வைத்துத் தைத்த, கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற ஓலைப் பெட்டியைப் பற்றியது இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிப் பக்கம் ஒரு ஊரில் வயதான ஒரு அம்மாவிடம் அளவு சொல்லி முடைந்து வாங்கிய ஆறு பனையோலைப் பெட்டிகள். 2024 மே மாதம் வாங்கினேன். இரண்டு பிள்ளைகளின் புத்தகம், நோட்டு, சாக்ஸ், ரிப்பன், பென்சில், வீட்டு ரேஷன் கார்டு வரைக்கும் அதில் போட்டு ஒரு முழுப் பள்ளி வருடத்தை ஓட்டியாகிவிட்டது. ஐந்துக்கு எத்தனை கொடுப்பாய் என்று கேட்டால் மூன்றரை. மீதி ஒன்றரை எங்கே போனது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நான் வாங்கும்போது அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீடு ராமேஸ்வரம் இருக்கிற பாம்பன் தீவில், தங்கச்சிமடத்தில். இரண்டு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு தாழ்வாரம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். பெரியவள் அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு, சின்னவன் நான்காம் வகுப்பு, இருவரும் அரசுப் பள்ளி. கூட அத்தை, அதாவது என் மாமியார். இத்தனை பேருக்கும் சேர்த்து வீட்டில் இருப்பது ஒரே ஒரு பீரோ, அதன் கீழ்த்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்து நாலு வருடம் ஆகிறது. பாம்பன் தீவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல், காற்றில் எந்நேரமும் உப்பு இருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். துவைத்துக் காயவைத்து மடித்த சட்டைகூட இரண்டு நாள் கழித்து எடுத்தால் தொட்டவுடன் பிசுபிசுக்கும். இரும்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் ஓலைப் பெட்டிக்கு முன்னால் நான் வாங்கித் தோற்றவற்றையும் சொன்னால்தான் இது நியாயமான மதிப்பீடாக இருக்கும். முதலில் ஒரு இரும்புக் கம்பி ஸ்டாண்ட், செருப்புக்கும் பைக்கும். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு பூத்து, பையில் எல்லாம் காவிக் கறை. அடுத்தது கதவுக்குப் பின்னால் மாட்டுகிற, பன்னிரண்டு பை வைத்துத் தைத்த துணித் தொங்கட்டான். பார்க்க நன்றாக இருந்தது, ஆளுக்கு ஆறு பை என்று பெயர்கூட எழுதி ஒட்டினேன். ஐப்பசி மழையில் அது பூசணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி போட்டது, சின்னவனின் கைக்குட்டை எல்லாம் ஒரே நாற்றம்.

மூன்றாவது, நாலு அடுக்கு பிளாஸ்டிக் டிராயர், ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். இதைத்தான் மன்னிக்க முடியவில்லை. எங்கள் தெருவில் பாதி மண்ணே கடல் மணல்தான், பிள்ளைகள் கால் கழுவாமல் உள்ளே வருவார்கள், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் வழியாகவும் வரும். அந்த மணல் டிராயர் ஓடுகிற தடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருமுறை இழுத்தால் கரகர என்று ஒரு சத்தம், பல் கூசும். மூன்று மாதத்தில் மேலிருந்து இரண்டாவது டிராயர் திறக்காது, திறந்தால் மூடாது. சின்னவன் காலை வைத்து உதைத்துத் திறக்கப் பழகிக்கொண்டான். கடைக்காரரிடம் போய்ச் சொன்னால், மணல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். தங்கச்சிமடத்தில்!

சரி, பெட்டிக்கு வருவோம். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது சாயல்குடிப் பக்கம். அங்கே பனைதான் எல்லாம், கருப்பட்டிக்குப் பேர் போன ஊர்ப்பக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்று இருக்கிறதே, அப்போது வீட்டுக்காரரும் சும்மா இருப்பார், பிள்ளைகளுக்கும் முழுப் பரீட்சை லீவு, நாங்கள் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவோம். அக்கா வீட்டில் வெங்காயம், புளி, பருப்பு, துவைத்த துணி எல்லாமே ஓலைப் பெட்டியில்தான். அவள் மாமியார் காலத்துக் கடகப்பெட்டி ஒன்று இன்னும் இருக்கிறது, நெல் போடுவது, பன்னிரண்டு வருடமாவது ஆகியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் தோன்றியது, நான் ஏன் கடை கடையாகப் போய் பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று. இன்னொரு உண்மையும் உண்டு, தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது. பள்ளி திறக்கிற நேரமும் தடைக்காலத்தின் கடைசியும் எங்களுக்கு எப்போதும் ஒன்றாகத்தான் வந்து விழும். அந்த வருடம் ஜூன் 10-ம் தேதி பள்ளி திறந்தது, படகு போக இன்னும் நாலைந்து நாள் பாக்கி. புது பீரோ எல்லாம் கனவில்தான்.

முடைகிற ஆத்தா வீட்டுக்கு அக்காதான் கூட்டிக்கொண்டு போனாள். நான் கையை விரித்து, இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம் என்று காட்டினேன். ஆத்தா என் கையைப் பார்க்கவே இல்லை. “வைக்கப்போற சாமானைக் கொண்டா தாயி. கைய விரிச்சுக் காட்டுனா நான் எந்தக் கைய நம்புறது?” என்றார். மறுநாள் அக்கா மகனின் பெரிய நோட்டு ஒன்று, பாடப்புத்தகம் ஒன்று, ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் எடுத்துக்கொண்டு போனோம். அவர் அவற்றைத் தரையில் அடுக்கி, சாண் போட்டு, அதற்கு மேல் இரண்டு விரல் விட்டு, கரியால் தரையிலேயே கோடு கிழித்துக்கொண்டார். நான் புத்தகத்தைப் படுக்கவைத்து அடுக்குகிற மாதிரிதான் நினைத்திருந்தேன். நிறுத்திவைக்கிற மாதிரிச் செய்தால்தான் அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதைக் கலைக்க வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். பள்ளிக்கூடம் போகாத ஆத்தா அது.

ஓலை விஷயம் கொஞ்சம் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. நைசான சின்னப் பெட்டிகளுக்குக் குருத்தோலை, அதாவது மரத்தின் நடுவில் விரியாமல் நிற்கிற இளம் ஓலை. வெயிலில் காயவைத்தால் வெளுத்துத் தந்த நிறத்துக்கு வரும். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, லேசாக ஈரம் தெளித்துப் பதமாக்கித்தான் முடைவார்கள், காய்ந்த ஓலை மடித்தால் ஒடிந்துவிடும். அதனால் ஆத்தா விடிகாலையிலும் சாயங்காலத்துக்கு மேலும்தான் பெட்டி முடைகிறார், உச்சி வெயிலில் ஓலை முறுக்கிக்கொள்ளுமாம். புத்தகம் வைக்கிற பெட்டி என்றவுடன் ரெட்டை ஓலையாகப் போட்டு, விளிம்பில் மட்டையிலிருந்து உரித்த நாரை வைத்துக் கட்டித் தந்தார். இந்த விளிம்புக் கட்டுதான் பெட்டியின் உயிர். ஒற்றை ஓலையில், விளிம்பைச் சும்மா மடித்துச் செருகிய பெட்டியை யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள், இரண்டு பருவம்கூடத் தாங்காது.

பெரிய பெட்டி மூன்று, ஒன்று 220 ரூபாய். நடுத்தரம் இரண்டு, ஒன்று 150. பென்சில், ரப்பர் போட ஒரு கொட்டான், அதாவது குட்டி ஓலைப் பெட்டி, 60. மொத்தம் 1,020 ரூபாய். இந்த விலையில் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை, ஒரு பெரிய பெட்டிக்கு அவருக்கு ஒன்றரை நாள் ஆகிறது. மூடி வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டும், அப்போதுதான் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கலாம் என்றேன். “அடுக்கலாம் தாயி. ஆனா பிள்ளைக மூடாதுக” என்றார். ஆகஸ்ட் மாதத்துக்குள் மூன்று மூடியும் பீரோ மேலே போய்விட்டன. ஒன்றில் அத்தை வற்றல் காயவைக்கிறார்.

இப்போது புழங்கின கதை. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், விலையில்லாப் புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி என்று ஒவ்வொன்றாக வரும், எல்லாம் நல்லதுதான், ஆனால் வைக்க இடம்? பெரியவளுக்கு ஒன்பதாம் வகுப்பு, ஒவ்வொரு புத்தகமும் செங்கல் மாதிரி. சின்னவனுக்குப் பருவத்துக்குப் பருவம் புத்தகம் மாறும், முதல் பருவப் புத்தகம் காலாண்டுப் பரீட்சையோடு முடிந்துவிடும், ஆனால் தூக்கிப்போட அவனுக்கு மனசு வராது, எனக்கும்தான். அதனால் பெரிய பெட்டி ஆளுக்கு ஒன்று, புத்தகமும் நோட்டும் நிற்க. நடுத்தரம் ஒன்று சாக்ஸ், ரிப்பன், கைக்குட்டை, பெல்ட்டுக்கு. இன்னொரு நடுத்தரத்தில் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், சாதிச் சான்று, வருமானச் சான்று. மூன்றாவது பெரிய பெட்டிக்குப் பெயர் “நாளைக்கு”.

இந்த நாளைக்குப் பெட்டி இல்லாவிட்டால் மற்ற ஐந்தும் வெறும் பெட்டிதான். எங்கள் வீட்டு நிலைமை இது: ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. திங்கள் போனவர் செவ்வாய் காலையில் கரைக்கு வந்து, மீனை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்துப் படுக்கிற நேரமும் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரமும் சரியாக ஒன்று. இரவு முழுக்கத் தூங்காத மனுஷன், பக்கத்து அறையில் “அம்மா என் சமூக அறிவியல் நோட்டு எங்கே, அம்மா அவன் என் ஸ்கேலை எடுத்துட்டான்” என்று கூப்பாடு. முன்பெல்லாம் செவ்வாயும் வியாழனும் வீட்டில் சண்டை இல்லாமல் விடிந்ததில்லை. அவர் கத்துவார், நான் கத்துவேன், பெரியவள் அழுதுகொண்டே போவாள்.

இப்போது முந்தின நாள் சாயங்காலம் வீட்டுப்பாடம் முடிந்தவுடன், மறுநாளுக்கு வேண்டிய புத்தகம், நோட்டு, கையெழுத்துப் போட்ட காகிதம், ஒரு ஜோடி சாக்ஸ், எல்லாம் நாளைக்குப் பெட்டியில் விழுந்துவிட வேண்டும். இடது பக்கம் அக்கா, வலது பக்கம் தம்பி, நடுவில் ஒரு அட்டை. காலையில் அந்தப் பெட்டியைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே பையில் அடுக்கிக்கொள்ள வேண்டும், அப்பா படுத்திருக்கிற அறைக்குள் நுழையக் கூடாது. இங்கேதான் ஓலைப் பெட்டி ஜெயிக்கிறது. ஒன்பது வயதுப் பையன் ஒரு பெட்டியைப் புத்தகத்தோடு தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடக்கலாம், தரையில் வைத்தாலும் சத்தம் வராது. பிளாஸ்டிக் டிராயரை அப்படித் தூக்கவா முடியும்? சின்னவனுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கொடுத்துவிடுகிறார்கள், அதனால் அவன் சீக்கிரமே போக வேண்டும். அவன் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் பெரியவள். இந்த முறை வந்த பிறகு இரண்டு பேரும் போனது தெரியாமல் அவர் தூங்கின நாள்கூட உண்டு.

கூடவே சுவரில் மாதக் காலண்டர் ஒன்று மாட்டி, கடலுக்குப் போகிற நாளுக்குக் ‘க’ என்றும் பரீட்சைக்குப் ‘ப’ என்றும் போடுகிறோம். ‘க’வுக்கு மறுநாள் ‘ப’ வந்தால் பெரியவளுக்கு முன்னாடியே தெரியும், அன்றைக்கு விடிகாலையில் எழுந்து சத்தம் போட்டுப் படிக்க முடியாது, முந்தின இரவே முடிக்க வேண்டும் என்று. இது பெட்டியின் பெருமை இல்லை, ஆனால் பெட்டி மட்டும் வாங்கிவிட்டு வீடு ஒழுங்காகிவிடும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்புறம் மணல். பெட்டியைக் காலி செய்து தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் நாலு தட்டு தட்டினால் கொட்டிவிடும். வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த பிறகு அது சின்னவன் வேலை. எவ்வளவு மணல் விழுந்தது என்று கையில் அள்ளி எடுத்துவந்து காட்டுவான்.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை சாயம். நடுத்தரப் பெட்டியில் அழகுக்கு இரண்டு வரிசை ரோஸ் கலர் ஓலை வைத்து முடைந்து தரச் சொன்னது நான்தான், ஆத்தா கேட்கவில்லை. சாயத் தண்ணீரில் ஓலையைப் போட்டுக் கொதிக்கவைத்து எடுத்தது அது. ஜூலையில் ஒருநாள் சரியாகக் காயாத வெள்ளை சாக்ஸைப் பெரியவள் அவசரத்தில் அதில் போட்டாள். மறுநாள் காலையில் எடுத்தால் கணுக்காலைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி ரோஸ் வட்டம். நீலம் போட்டுத் துவைத்தேன், சோடா உப்பில் ஊறவைத்தேன், போகவில்லை. அவள் அந்த வருடம் முழுக்க அதை உள்ளே மடித்துப் போட்டுக்கொண்டு போனாள். எனவே துணி வைக்கிற பெட்டி என்றால் கலர் வேண்டாம், வெள்ளை ஓலையே போதும். அரை மதிப்பெண் அங்கே போனது.

இரண்டாவது, பூச்சி. ஓலையும் காகிதமும் சேர்ந்து இருந்தால் ராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். அடியில் வேப்பிலையைக் காயவைத்துப் போட்டேன், வசம்புத் துண்டும் போட்டேன். மாதம் ஒருமுறை மாற்றினால் சரியாக இருக்கிறது, மறந்தால் நோட்டு அட்டையில் அரித்த தடம் தெரிகிறது. பெட்டியை மாதம் ஒருநாள் வெயிலில் காட்டியே ஆக வேண்டும், இந்த வேலைக்கு நேரமில்லை என்பவர்கள் இதை வாங்காதீர்கள். வெயிலில் காட்டும்போது ஆடு பத்திரம். பக்கத்து வீட்டு ஆடு ஒன்று என் நடுத்தரப் பெட்டியின் மூடியை முக்கால்வாசி தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வாயை அசைத்துக்கொண்டு நின்றது.

மூன்றாவது குறைதான் பெரியது, தண்ணீர்.

2024 நவம்பர் 20, புதன்கிழமை. எங்கள் தீவில் இருக்கிற யாரும் அந்த நாளை மறக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் அன்று ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்கு முதலில் அடுப்படிப் பின்வாசல் வழியாகத்தான் தண்ணீர் வந்தது, ஒரு கோடு மாதிரி, பிறகு பாய் விரித்த மாதிரி. வீட்டுக்காரர் அன்று வீட்டில் இருந்தார், சிலிண்டரையும் அரிசிப் பானையையும் கட்டில் மேல் ஏற்றினார், நான் துணியை ஏற்றினேன். பெட்டிகள் ஆறும் சுவரோரம் தரையில். அந்த நேரத்தில் அவற்றை யார் நினைத்தார்கள்? பெரியவள்தான் நினைத்தாள். ஓடிப்போய் முதலில் ஆதார், சான்றிதழ் இருக்கிற பெட்டியை எடுத்து ஃப்ரிட்ஜ் தலையில் வைத்தாள். பிறகு அவளுடைய பெட்டி, தம்பி பெட்டி. தூக்கும்போது அடியிலிருந்து தண்ணீர், சல்லடையில் அள்ளின மாதிரி, ஓலை இடுக்கு வழியாக ஊற்றிக்கொண்டே வந்தது. நான் பயந்தேன், அடி பிய்ந்துகொண்டு புத்தகம் எல்லாம் தண்ணீரில் விழும் என்று. பிய்யவில்லை. ரெட்டை ஓலையும் நார்க் கட்டும் தாங்கின. தண்ணீர் உள்ளே தேங்காமல் வடிந்துவிட்டதால் நிறுத்திவைத்த புத்தகங்களில் அடிப்பக்கம் இரண்டு விரல் உயரம்தான் நனைந்திருந்தது.

பழைய பிளாஸ்டிக் டிராயரை நான் தூக்கிப்போடவில்லை, அதில் சின்னவனின் முதல் பருவப் புத்தகங்களும் போன வருட நோட்டுகளும் கிடந்தன. கீழ் இரண்டு டிராயரிலும் வாளி மாதிரித் தண்ணீர் நிரம்பி, கனத்தில் இழுக்கவே வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது உள்ளே இருந்தது புத்தகம் இல்லை, கூழ். வந்தது மழைத் தண்ணீர், கடல் தண்ணீர் இல்லை என்று அத்தை சமாதானம் சொன்னார். சின்னவன் அந்தக் கூழைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றான், அதில் அவன் வரைந்த படகுப் படம் ஒன்று இருந்தது.

வெயில் வந்த பிறகு பெட்டிகளைக் காயப்போட்டோம். நாலு பெட்டி பிழைத்தது. ஒன்று ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, காலி பெட்டியை நிறுத்தினால் இடது பக்கமாக விழும், புத்தகம் வைத்தால் நிற்கும். ஒன்றின் அடியில் கறுப்பாகப் பூசணம், தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி இரண்டு வெயில் காட்டிய பிறகு சரியானது, ஆனால் அந்த வாசம் தை மாதம் வரை இருந்தது. கொட்டான் அடி விட்டுப்போனது. நாளைக்குப் பெட்டி தாழ்வாரத்தில் இருந்ததால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறி, விளிம்பு பிரிந்து, எடுத்தவுடன் கையோடு வந்துவிட்டது. அதாவது நனைந்தால் தாங்கும், ஊறினால் தாங்காது. ஒரு முழு மதிப்பெண்ணை இங்கே குறைக்கிறேன். குறைக்கிறேனே தவிர, ஒரே அறையில், ஒரே தண்ணீரில், 1,020 ரூபாய்ப் பெட்டியையும் 1,800 ரூபாய் டிராயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான்.

மழைக்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, பெட்டி எதுவும் தரையில் இல்லை. வீட்டுக்காரர் இரண்டு சவுக்குக் கம்பை வலைக் கயிற்றால் இடுப்பு உயரத்தில் கட்டி, மேலே ஒரு பலகை போட்டுவிட்டார். சுவரில் ஆணி அடித்தால் துருப்பிடித்து ஒழுகும் என்று உத்தரத்திலிருந்து கயிறு இறக்கினார். படகில் போடுகிற முடிச்சு, நான் அவிழ்த்துப் பார்த்தேன், முடியவில்லை. சின்னவனுக்கு எட்டுகிற உயரம்தான். இரண்டு, சான்றிதழ்களை ஓலைப் பெட்டியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, இறுக்கமாக மூடுகிற எவர்சில்வர் தூக்குவாளிக்கு மாற்றிவிட்டோம். எங்கள் வீட்டு ஆதாரும் ரேஷன் கார்டும் இப்போது குழம்பு வாளியில் இருக்கின்றன. விருந்தாளி வந்தால் அதைத் திறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எனவே முக்கியமான காகிதத்துக்கு ஓலைப் பெட்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

தண்ணீர் பாட்டிலையும் இதில் வைக்காதீர்கள். டிபன் டப்பாவும் கூடாது, குழம்பு ஒழுகினால் எறும்பு முடைச்சலுக்குள் புகுந்து குடியிருக்கும், தட்டினாலும் போகாது. அவை இரண்டும் அடுப்படித் திட்டில்தான்.

ஆன்லைனில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: என் தங்கை சென்னையில் இருக்கிறாள், நான் சொன்னதைக் கேட்டு இரண்டு வாங்கினாள். படத்தில் பெரிதாகத் தெரிந்தது, வந்து பார்த்தால் ஒரு பெரிய நோட்டு நிற்காது. ஒற்றை ஓலை, விளிம்பில் நாருக்குப் பதிலாகச் சரிகை நாடா. விலை நான் கொடுத்ததைவிட மூன்று மடங்கு. பூஜைச் சாமான் வைத்திருக்கிறாள், அதற்குச் சரி. பள்ளிக்கூடச் சாமானுக்கு என்றால் முடைகிறவரை நேரில் பார்த்து, வைக்கப்போகும் சாமானைக் கையோடு கொண்டுபோய், ரெட்டை ஓலை, நார்க் கட்டு என்று சொல்லி வாங்குங்கள். சாயல்குடி வரைக்கும் போக முடியாதவர்கள் தங்கள் பக்கத்தில் பனை இருக்கிற ஊரில் விசாரித்துப் பாருங்கள், ராமநாதபுரம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. முடைகிற கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் ஆத்தாவின் மருமகளுக்கே முடையத் தெரியாது, நூறு நாள் வேலைக்குப் போகிறாள்.

இதை எழுதும்போது 2025 மே, மறுபடியும் தடைக்காலம், மறுபடியும் அக்கா வீடு. பெரியவள் பத்தாம் வகுப்பு போகிறாள். அவளே ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறாள்: எனக்குத் தனியாக ஒரு நாளைக்குப் பெட்டி வேண்டும், தம்பியோடு சேர்த்து வேண்டாம், போன வருடத்தைவிட ஒரு விரல் உயரமாக, இரண்டு பக்கமும் தூக்கக் கைப்பிடி, ரோஸ் கலர் கூடாது. கைப்பிடி வைத்தால் இருபது ரூபாய் கூட ஆகும் என்று ஆத்தா சொல்லியிருக்கிறார். சின்னவனுக்குக் கேட்கவே இல்லை, அவனுக்கு அந்தச் சாய்ந்த பெட்டிதான் வேண்டுமாம். பள்ளி ஜூன் 2-ம் தேதி திறக்கிறது, அதற்குள் மூன்று பெட்டி முடிந்துவிடும் என்கிறார் ஆத்தா, இடையில் ஓலை காய வெயில் அடித்தால்.